கிராமத்துக் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை, அதன்பின் மேல்முறையீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் குற்ற மேல்முறையீடுகளை நடத்தும் வழக்கறிஞன் நான். வரப்புத் தகராறு, கோயில் திருவிழாவில் முதல் மரியாதை, பஞ்சாயத்துத் தேர்தல், சாதி கடந்த காதல் என்று கிராமங்களில் விழும் கொலைகளில் தண்டனை பெற்றவரின் வீட்டாரும் வருகிறார்கள், வெட்டுப்பட்டு இறந்தவரின் வீட்டாரும் வருகிறார்கள். இரு தரப்புக்கும் உள்ள சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். வராண்டாவில் நின்று அவசரமாகச் சொல்லும் பதில் வீடு போய்ச் சேர்வதற்குள் வேறாகிவிடுகிறது என்பதால் எழுதி வைக்கிறேன்.

சட்டப் பிரிவுகளைப் பற்றி ஒரு குறிப்பு. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-ஆவது பிரிவு. அன்றும் அதற்குப் பின்னும் நடந்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆவது பிரிவு. இன்று மேல்முறையீட்டில் இருப்பவை பெரும்பாலும் பழைய வழக்குகள் என்பதால் பழைய எண்களையே சொல்கிறேன்.

தம்பிக்கு ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டார்கள். அப்பீல் எங்கே, எத்தனை நாளைக்குள் போட வேண்டும்?

கொலை வழக்கை விசாரிப்பது அமர்வு நீதிமன்றம். அதன் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குத்தான் வர வேண்டும். ஆயுள் தண்டனை என்றால் கெடு 60 நாள். தூக்குத் தண்டனை என்றால் 30 நாள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் சிறப்பு நீதிமன்றம் தண்டித்திருந்தால் 90 நாள். தீர்ப்பின் நகலைத் தண்டனை பெற்றவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். சான்றிட்ட நகலுக்கு மனு போட்டுக் காத்திருக்கும் நாட்கள் கெடுவில் சேராது. கெடு தாண்டிவிட்டாலும் நியாயமான காரணத்தோடு தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு போடலாம்.

தூக்குத் தண்டனையில் ஒரு வேறுபாடு உண்டு. யாரும் அப்பீல் போடாவிட்டாலும் வழக்குக் கட்டு தானாகவே உயர் நீதிமன்றத்துக்கு வரும். உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அந்தத் தண்டனையை நிறைவேற்ற முடியாது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. ஜெயிலில் இருந்துகொண்டே அப்பீல் போட முடியுமா?

முடியும். சிறைக் கண்காணிப்பாளரிடம் மனுவைக் கொடுத்தால் அவர் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-இன்படி காவலில் இருப்பவருக்கு, அவருடைய வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, அரசுச் செலவில் வழக்கறிஞர் உண்டு. நிலத்தை அடமானம் வைத்துவிட்டு வந்து நிற்கும் குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் இதை முன்பே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று தோன்றும்.

வக்கீல் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அப்பீலைத் தள்ளுபடி செய்யவும் முடியாது. ஆவணங்களைப் படித்து, தகுதியின் அடிப்படையில்தான் முடிவு சொல்ல வேண்டும் என்று பானி சிங் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

ஹைகோர்ட்டில் சாட்சிகளை மறுபடி கூப்பிட்டு விசாரிப்பார்களா?

பெரும்பாலும் இல்லை. பலருக்கும் ஏமாற்றம் தரும் பதில் இது. கீழ்க்கோர்ட்டில் பதிவான சாட்சியம், சான்றாவணங்கள், சான்றுப் பொருட்களின் பட்டியல், தீர்ப்பு எல்லாம் தட்டச்சுத் தொகுப்பாக இரு நீதிபதிகளின் முன் இருக்கும். அந்தத் தாள்களை வைத்துத்தான் வாதம். ஆனால் கீழ்க்கோர்ட் சொன்னதை அப்படியே ஏற்க வேண்டிய கட்டாயம் உயர் நீதிமன்றத்துக்குக் கிடையாது. ஒவ்வொரு சாட்சியத்தையும் முதலிலிருந்து எடைபோட அதற்கு உரிமை உண்டு. அது அதன் கடமையும்கூட.

அரிதாகக் கூடுதல் சாட்சியமும் எடுப்பார்கள். கோகுல்ராஜ் கொலை வழக்கின் மேல்முறையீட்டில், பிறழ்ந்துபோன முக்கியச் சாட்சியை 2022 நவம்பரில் மதுரைக் கிளையே நேரில் வரவழைத்து விசாரித்தது. நீதிபதிகள் திருச்செங்கோடு கோயிலுக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் நேரில் சென்று பார்த்தார்கள். 2023 ஜூனில் முதல் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் ‘எதிரி’ என்பார்கள்) உள்ளிட்டோரின் ஆயுள் தண்டனை உறுதியானது. ஆனால் விசாரணையில் விட்டுப்போன ஓட்டையை அடைப்பதற்காக இதைக் கேட்டால் கிடைக்காது.

அப்பீல் போட்டதும் ஜாமீனில் வந்துவிடுவாரா?

தானாக வராது. தண்டனையை நிறுத்திவைக்கக் கோரித் தனி மனு போட வேண்டும். ஆட்சேபம் சொல்ல அரசு வழக்கறிஞருக்கு வாய்ப்பளித்த பிறகே அதில் உத்தரவு வரும். தண்டிக்கப்பட்ட நிமிடத்திலேயே ‘குற்றமற்றவர்’ என்ற அனுமானம் போய்விடுகிறது. ஆகவே விசாரணைக் காலத்தில் ஜாமீனில் இருந்தார், ஒழுங்காக வாய்தாவுக்கு வந்தார் என்பது மட்டும் இங்கே போதாது. தீர்ப்பை மேலோட்டமாகப் பார்த்தாலே விடுதலைக்கு நியாயமான வாய்ப்பு தெரிய வேண்டும்.

இன்னொரு வழி காலம். அப்பீலை எடுத்து விசாரிக்கவே பல ஆண்டுகள் ஆகும் என்ற நிலையில், பிறகு நிரபராதி என்று தெரியவந்தால் அந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்கள் என்று 1977-இல் காஷ்மீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டது. நீண்ட காலம் உள்ளே இருந்தவர்களுக்கு இன்றும் அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்து வைக்கிறோம்.

சாட்சி சொன்னவர்கள் எல்லோரும் செத்தவருடைய மனைவி, அண்ணன், மச்சான்தான். அது எப்படிச் செல்லும்?

செல்லும். உறவினர் என்பதாலேயே ஒருவர் பொய் சொல்வார் என்று சட்டம் கருதுவதில்லை. உண்மைக் குற்றவாளியைத் தப்பவிட்டு வேறொருவரை மாட்டிவிட நெருங்கிய உறவினர் சாதாரணமாக முன்வரமாட்டார் என்று 1953-இல் தலிப் சிங் வழக்கிலேயே சொல்லியாகிவிட்டது. ராத்திரி வீட்டு வாசலில் வெட்டு விழுந்தால் பார்ப்பதற்கு வீட்டாரைத் தவிர வேறு யார் இருப்பார்கள்?

ஆனால் அதே தீர்ப்பு ஒரு எச்சரிக்கையும் சொல்கிறது. பழைய பகை இருந்தால், குற்றவாளியோடு சேர்த்துப் பகையாளி ஒருவரின் பெயரையும் நுழைத்துவிடும் ஆசை வரும். கிராமத்துக் கொலைகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். வெட்டியவன் உண்மையாகவே முதல் எதிரியாக இருப்பான். ஐந்தாம் எதிரி, ஆறாம் எதிரி என்று போகப்போக அவனுடைய சித்தப்பா, பெரியப்பா மகன், வெளியூரில் வேலை பார்க்கும் தம்பி என்று குடும்பமே பட்டியலில் ஏறியிருக்கும். இப்படிச் செய்வதால் பட்டியல் முழுவதுமே சந்தேகத்துக்கு உள்ளாகி, வெட்டியவனும் தப்பிவிடும் ஆபத்து இருக்கிறது என்பதைப் புகார் கொடுப்பவர்கள் உணர வேண்டும்.

ஒரே ஒரு ஆள் சொன்ன சாட்சியை வைத்து ஆயுள் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். 1957-இல் வடிவேலு தேவர் எதிர் மதராஸ் மாநிலம் என்ற வழக்கில், நம் ஊர் வழக்குதான், உச்ச நீதிமன்றம் சாட்சிகளை மூன்று வகையாகப் பிரித்தது. முழுக்க நம்பத்தக்கவர் ஒருவர் போதும். முழுக்க நம்பத்தகாதவர் நூறு பேர் வந்தாலும் போதாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர் என்றால் வேறு ஆதாரம் துணை நிற்க வேண்டும். நடைமுறையில் பெரும்பாலான சாட்சிகள் இந்த மூன்றாம் வகைதான். வாதத்தின் பெரும்பகுதி துணை ஆதாரத்தைப் பற்றியே நடக்கிறது.

பெருங்கூட்டம் வந்து தாக்கிய வழக்குகளில் அளவுகோல் சற்று வேறு. ஒவ்வொரு எதிரியையும் குறைந்தது இரண்டு மூன்று சாட்சிகளாவது ஒரே மாதிரி அடையாளம் காட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பது பாதுகாப்பானது என்று மசால்தி வழக்கில் 1964-இல் சொன்னார்கள். உத்தரப் பிரதேசக் கிராமம் ஒன்றில் இரு கோஷ்டிப் பகையில் விழுந்த கொலைகள் அவை.

எப்.ஐ.ஆர். தாமதம் என்று வக்கீல் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அதில் அப்படி என்ன இருக்கிறது?

கிராமத்துக் கொலை அப்பீல்களின் உயிர் பாதி அந்தத் தாளில் இருக்கிறது. எப்.ஐ.ஆர். நகல் உங்களிடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அச்சிட்ட படிவத்தின் ஓரத்திலோ கீழேயோ மாஜிஸ்திரேட்டின் சிறுகையெழுத்தும், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு அவர் கைக்கு அது வந்தது என்ற பேனாக் குறிப்பும் இருக்கும். கொலை இரவு 9 மணிக்கு, புகார் 10.30-க்கு, ஸ்டேஷனுக்கும் மாஜிஸ்திரேட் வீட்டுக்கும் 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குறிப்பில் மறுநாள் பிற்பகல் 3 மணி என்று இருந்தால், இடைப்பட்ட நேரத்தில் என்ன நடந்தது என்று போலீஸ்தான் விளக்க வேண்டும். உட்கார்ந்து பேசி, யார் யார் பெயரைச் சேர்ப்பது என்று முடிவு செய்து, பிறகு 10.30 என்று நேரம் போட்டார்களா?

இந்த நேரத்தைத் தனியாகப் பார்ப்பதில்லை. வெட்டுப்பட்டவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றபோது டாக்டர் எழுதிய விபத்துப் பதிவேடு இருக்கும். அதில் ‘தெரிந்த நான்கு பேர் அரிவாளால் வெட்டியதாகச் சொல்லப்படுகிறது’ என்றிருக்கிறதா, ‘அடையாளம் தெரியாத நபர்கள்’ என்றிருக்கிறதா? சடலத்தைப் பார்வையிட்டுப் போலீஸ் எழுதும் பிரேத விசாரணை அறிக்கையில் எதிரிகளின் பெயர் வந்திருக்கிறதா? இரவு 9 மணிக்குக் கொலை என்று சாட்சி சொல்ல, பிரேதப் பரிசோதனை அறிக்கை வேறு நேரத்தைக் காட்டுகிறதா? இந்த நான்கு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் மேல்முறையீட்டு வேலை.

துலியா காளி வழக்கு இதற்கு நல்ல உதாரணம். தமிழ்நாட்டுக் கிராமத்தில் நடந்த கொலை. ஸ்டேஷன் இரண்டு மைல் தொலைவில் இருந்தும் புகார் 20 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகத்தான் போனது. தாமதம் ஆக ஆகக் கற்பனை சேர்ந்துவிடும் என்று சொல்லி 1972-இல் உச்ச நீதிமன்றம் தண்டிக்கப்பட்டவரை விடுவித்தது. அதற்காகத் தாமதம் என்றாலே விடுதலை என்று எண்ணிவிடக் கூடாது. கணவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய பெண் விடிந்த பிறகு புகார் கொடுத்தால் அதை எந்த நீதிபதியும் குறையாகச் சொல்லமாட்டார்.

வி.ஏ.ஓ. முன்னால் ஒப்புக்கொண்டான், அரிவாளையும் எடுத்துக் கொடுத்தான் என்று எழுதியிருக்கிறார்கள். அது போதுமா?

இவை இரண்டு தனி விஷயங்கள். போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது. வி.ஏ.ஓ. போலீஸ் இல்லை என்பதால் அவரிடம் சொன்னது செல்லத்தக்கதாக வந்து சேர்கிறது. முன்பின் தெரியாத வி.ஏ.ஓ.வைத் தேடிப் போய் ஒருவன் ஏன் கொலையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நீதிபதிகள் கேட்பார்கள், கேட்க வேண்டும். நீதிமன்றத்துக்கு வெளியே கொடுத்த ஒப்புதல் தன்னளவில் பலவீனமான ஆதாரம்.

அரிவாள் விஷயத்தில் சட்டம் நுட்பமானது. ‘அவனை வெட்டிய அரிவாளை வேலிக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன்’ என்று வாக்குமூலம் இருந்தால், ஒளித்துவைத்த இடம் பற்றிய பகுதி மட்டுமே ஆதாரம். ‘அவனை வெட்டிய’ என்பது செல்லாது. சுதந்திரத்துக்கு முன்பு மதராஸ் மாகாணத்திலிருந்து சென்ற புலுகுரி கோட்டையா வழக்கில், அன்றைய உச்சபட்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வகுத்த இந்தக் கோடு இன்றும் அப்படியே நிற்கிறது. அந்த அரிவாளில் இருந்த ரத்தம் மனித ரத்தமா, எந்த வகை என்ற தடய அறிவியல் அறிக்கை இல்லாவிட்டால் அரிவாள் கிடைத்ததால் பெரிய பயன் இல்லை. எந்த வீட்டில்தான் அரிவாள் இல்லை?

என் மகன் கையில் ஒன்றுமே இல்லை. கூட நின்றதற்கா ஆயுள்?

பொதுவான உள்நோக்கம் இருந்தால் 34-ஆவது பிரிவு. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் சட்டவிரோதமாகக் கூடியிருந்தால் 149. இரண்டிலும் வெட்டாதவருக்கும் வெட்டியவருக்கும் ஒரே தண்டனை. பிடித்துக்கொண்டான், ‘வெட்டுடா’ என்று கத்தினான் என்ற சாட்சியம்தான் இங்கே வழக்கமானது. கத்தினான் என்பது மட்டும் இருந்தால் கவனமாகப் படியுங்கள். முதல் புகாரில் இல்லாத அந்தக் குரல், கோர்ட்டில் முதல் முறையாகக் கேட்கிறதா? அப்படியென்றால் அது நல்ல வாதம்.

ஓடிவந்து வேடிக்கை பார்த்தவர் கூட்டத்தின் உறுப்பினர் ஆகமாட்டார். ஐந்து பேர் மீது மட்டும் குற்றம் சாட்டி அதில் இருவர் விடுதலையானால் 149 பொதுவாக நிற்காது. ஆனால் மீதி மூவரின் உள்நோக்கத்துக்கு ஆதாரம் இருந்தால் 34-ஐ வைத்துத் தண்டனையைக் காப்பாற்ற முடியும். இதை மறைத்து நம்பிக்கை கொடுப்பது சரியல்ல.

ஒரே ஒரு வெட்டு. கொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை. 302 வராதல்லவா?

எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. விர்சா சிங் வழக்கில் ஒரே ஒரு ஈட்டிக் குத்து, மறுநாள் இறந்துபோனார். 1958-இல் உச்ச நீதிமன்றம் அது கொலைதான் என்றது. அந்தக் காயத்தை ஏற்படுத்தும் எண்ணம் இருந்து, அந்தக் காயம் இயல்பாக மரணத்தை விளைவிக்கப் போதுமானது என்றால் 302 வந்துவிடும். சாகடிக்க எண்ணினாரா என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை.

மாறுவதற்கு வழி, திடீர்ச் சண்டை. தண்ணீர் பாய்ச்சும் முறையில் வாய்த்தகராறு முற்றி, கையிலிருந்த மண்வெட்டியால் ஓங்கினார், மேற்கொண்டு கொடூரமாக நடக்கவில்லை என்றால், கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற 304-க்கு இறங்கலாம். அதில் சூழ்நிலையைப் பொறுத்துப் பத்தாண்டுக்குள் தண்டனை குறைய வாய்ப்புண்டு. வீட்டுக்குப் போய் அரிவாளை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார் என்றால் திடீர்ச் சண்டை என்று சொல்ல முடியாது.

எங்கள் தரப்புச் சாட்சிகள் பாதிப் பேர் பிறழ்ந்துவிட்டார்கள். வழக்கு போய்விட்டதா?

இது இறந்தவரின் வீட்டார் கேட்பது. போய்விடவில்லை. பிறழ் சாட்சி சொன்னது முழுவதும் அழிந்துவிடாது. மற்ற ஆதாரத்தோடு பொருந்தும் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். அரசு வழக்கறிஞர் கேட்கும் முதல் விசாரணையில் உண்மையைச் சொல்லிவிட்டு, மாதக்கணக்கில் வாய்தா போன பிறகு குறுக்கு விசாரணையில் மாற்றிப் பேசுகிறவர்களை நீதிபதிகள் எளிதில் அடையாளம் காண்கிறார்கள். மீதமிருப்பவர் ஒருவர்தான் என்றாலும் மேலே ஒற்றைச் சாட்சி பற்றிச் சொன்னது அப்படியே பொருந்தும்.

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் இரண்டு குடும்பமும் சமாதானம் ஆகிவிட்டோம். எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்களா?

மாட்டார்கள். கொலை சமரசம் செய்யக்கூடிய குற்றமல்ல. அரசுதான் வழக்குத் தரப்பு. கீழ்க்கோர்ட்டில் வெட்டியதைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்த சாட்சி இப்போது பார்க்கவில்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தால் அவர்மீதே பொய்ச்சாட்சி நடவடிக்கை வரலாம். அந்தச் சமாதானப் பேச்சில் ஏழைத் தரப்பு எவ்வளவு அழுத்தத்தில் தலையாட்டியிருக்கும் என்பது கோர்ட்டுக்கும் தெரியும்.

அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடுமா என்று பயமாக இருக்கிறது.

தண்டிக்கப்பட்டவர் மட்டும் போட்ட அப்பீலில் தண்டனையைக் கூட்டக் கூடாது என்று, மதுரைக் கிளையிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2025-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கூட்ட வேண்டுமென்றால் எதிர்த் தரப்பு தனியாகக் கேட்டிருக்க வேண்டும். இந்தப் பயத்தால் அப்பீலைக் கைவிடாதீர்கள்.

நாங்கள் பறிகொடுத்தவர்கள். அவர்கள் அப்பீலில் எங்களுக்குப் பேச இடம் உண்டா? விடுதலை செய்துவிட்டால் நாங்கள் அப்பீல் போகலாமா?

உண்டு. வழக்கின் எல்லாக் கட்டத்திலும் பாதிக்கப்பட்டவரின் குரல் கேட்கப்பட வேண்டும் என்று லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கென்றால் 15ஏ பிரிவின்படி ஜாமீன் விசாரணை உட்பட எல்லாவற்றையும் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தண்டனையை நிறுத்திவைக்கும் மனு வருவதே தெரியாமல் இருந்துவிடாதீர்கள். வழக்கு எண்ணைக் குறித்துவைத்துப் பட்டியலைப் பாருங்கள்.

கீழ்க்கோர்ட் விடுதலை செய்தால் அரசு போடும்வரை காத்திருக்க வேண்டாம். பாதிக்கப்பட்டவருக்கு நேரடி உரிமை உண்டு. அதற்கு முன் அனுமதி பெறத் தேவையில்லை என்று கோடகலி வழக்கு 2018-இல் தீர்த்துவைத்தது. ஆனால் ஏற ஏற மலை செங்குத்தாகும். ஒரே சாட்சியத்தில் இரண்டு விதமாக முடிவெடுக்க இடமிருந்தால், விடுதலையில் உயர் நீதிமன்றம் கை வைக்காது.

அத்தனை பேர் கண்ணால் பார்த்தும் ஹைகோர்ட் எப்படி விடுதலை செய்கிறது?

இந்தக் கேள்விக்கு எளிதான பதில் என்னிடம் இல்லை. கீழவெண்மணியில் 1968-இல் 44 உயிர்கள் எரிந்தன. கீழ்க்கோர்ட் கொடுத்த தண்டனை உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஆந்திரத்தின் சுண்டூரில் 1991-இல் எட்டு தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 2007-இல் சிறப்பு நீதிமன்றம் 21 பேருக்கு ஆயுள் கொடுத்தது. 2014-இல் உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. பீகாரின் லக்ஷ்மண்பூர் பாத்தேயில் 1997-இல் 58 பேர். தண்டிக்கப்பட்ட 26 பேரும் 2013-இல் விடுதலை.

சந்தேகத்தின் பலன் எதிரிக்கு என்ற விதி எனக்கு உயிரானது. அதை வைத்துத்தான் நிரபராதிகளை வெளியே கொண்டுவருகிறோம். ஆனால் உயிருக்கு ஓடி ஒளிந்தவர் மணி பார்த்துச் சொல்லவில்லை, இருட்டில் எப்படி முகம் தெரிந்தது என்று எடைபோடும்போது, அந்தக் கிராமத்தில் ஒருவரையொருவர் நடையை வைத்தே அடையாளம் காண்பார்கள் என்பதும் தராசில் இருக்க வேண்டும். பல தீர்ப்புகளில் அது இல்லை என்பது என் கருத்து. எதிர் உதாரணமும் இருக்கிறது. சாதி கடந்து மணம் செய்ததற்காகக் கொல்லப்பட்ட கண்ணகி–முருகேசன் வழக்கில் 2003-இல் நடந்த கொலைக்கு 2021-இல்தான் தீர்ப்பு வந்தது. உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்து, இருவரை விடுவித்து, மற்றவர்களில் பெரும்பாலானோரின் தண்டனையை உறுதி செய்தது. 2025-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது.

ஏழு பேருக்குத் தண்டனை. மூவர்தான் அப்பீல் போட்டார்கள். அவர்கள் விடுதலையானால் மற்றவர்களுக்கு?

ஒரே சாட்சியம், ஒரே குற்றச்சாட்டு என்று நால்வரும் அதே நிலையில் இருந்தால் அவர்களுக்கும் பலன் கிடைக்கலாம். 2023-இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் செய்திருக்கிறது. ஆனால் அதை நம்பி அப்பீல் போடாமல் இருக்கக் கூடாது.

இதோடு சேர்த்துக் கேட்கப்படுவது வயது. கொலை நடந்த அன்று 18 நிறையவில்லை என்றால் எந்தக் கட்டத்திலும், வழக்கு முழுக்க முடிந்த பிறகும்கூட எழுப்பலாம். பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று முதலில்; இல்லாவிட்டால் உள்ளாட்சிப் பிறப்புச் சான்று; அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. ஜாதகம் அந்த வரிசையிலேயே இல்லை.

ஹைகோர்ட்டும் உறுதி செய்துவிட்டது. இனி 14 வருடம் கழித்து வந்துவிடுவாரா?

முதலில் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. சிறப்பு அனுமதி மனுவுக்கு 90 நாள். இரண்டு நீதிமன்றங்கள் ஒரே முடிவுக்கு வந்திருந்தால் அங்கே எளிதில் தலையிடமாட்டார்கள். கீழ்க்கோர்ட் விடுதலை செய்து, உயர் நீதிமன்றம்தான் முதல் முறையாக ஆயுள் கொடுத்தது என்றால் நிலைமை வேறு. அப்போது அனுமதி கேட்காமலே உச்ச நீதிமன்றத்தில் அப்பீல் போடும் உரிமை உண்டு.

14 ஆண்டு என்பது விடுதலை தேதி அல்ல. ஆயுள் என்றால் ஆயுள் முழுவதும். கொலைக்கு ஆயுள் பெற்றவரை அரசு தன் சட்ட அதிகாரத்தால் 14 ஆண்டுக்கு முன் விடக் கூடாது என்பதுதான் அந்த எண்ணின் பொருள். அரசியலமைப்பின் 161-ஆவது உறுப்பு ஆளுநருக்குத் தரும் தண்டனைக் குறைப்பு அதிகாரத்துக்கு அந்த வரம்பு கிடையாது. மேலவளவில் 1997-இல் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் உடனிருந்தோரும் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கில் 17 பேர் ஆயுள் பெற்றார்கள். உச்ச நீதிமன்றம் 2009-இல் உறுதி செய்தது. அவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் அரசு முன்கூட்டியே விடுவித்தது. பாதிக்கப்பட்டவர்கள் முன்விடுதலை அரசாணையின் நகலைக் கேட்டுப் பெறவும், அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடவும் முடியும். மேலவளவு விடுதலையும் அப்படித்தான் நீதிமன்றத்துக்கு வந்தது.